மலிவு அமெரிக்க பீர்: எல்லாம் ஒன்றுதானா?

அமெரிக்காவில் பீர் விற்கும் எந்தப் பெரிய கடைக்குள் போனாலும் 12, 24, 30 கேன்கள் அடங்கிய அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். பட்வைசர், பட் லைட், மில்லர் ஹை லைஃப், மில்லர் லைட், கூர்ஸ் பேங்க்வெட், கூர்ஸ் லைட், பாப்ஸ்ட் புளூ ரிப்பன், புஷ், ஹாம்ஸ், நேச்சுரல் லைட் எனப் பெயர்கள் நீண்டுகொண்டே போகும். எல்லாம் வெளிர் மஞ்சள் நிறம். எல்லாவற்றையும் சில்லென்றுதான் குடிக்க வேண்டும் என்பார்கள். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் இவற்றைக் குடிக்கும் அமெரிக்கரிடம் கேட்டால், ஒன்றைத்தான் வாங்குவேன், மற்றதைத் தொடமாட்டேன் என்று அடித்துச் சொல்வார். சிறு ஆலைகளின் பீரைத் தேடிக் குடிப்பவரிடம் கேட்டால், அத்தனையும் வெறும் தண்ணீர், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை என்பார்.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. எனக்குப் பிடித்தது இதுதான் என்று நாம் நம்புவதில் நாக்கின் பங்கு எவ்வளவு, லேபிளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு முதலில் இந்த பீர்கள் எப்படி இப்படி ஆயின என்பது தெரிய வேண்டும்.

பீரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு: தண்ணீர், பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட். ஈஸ்ட் குளிர்ந்த சூழலில் மெதுவாக வேலை செய்து, அதன்பின் பல நாள் குளிரிலேயே வைத்திருந்து தெளியவிட்டால் கிடைப்பது லாகர் வகை. 1840-களில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மானியர்கள் இந்த லாகரைக் கொண்டுவந்தார்கள். மில்வாக்கியில் பிரெடரிக் மில்லர் 1855-இல் ஓர் ஆலையை வாங்கினார். செயின்ட் லூயிஸில் அடால்ஃபஸ் புஷ் 1876-இல் பட்வைசரை அறிமுகப்படுத்தினார். கொலராடோவின் கோல்டன் என்ற சிற்றூரில் அடால்ஃப் கூர்ஸ் 1873-இல் தொடங்கினார். இன்றைக்கும் அலமாரியை நிரப்புவது இவர்கள் பெயர்கள்தான்.

வந்தவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. அமெரிக்காவில் அன்று பரவலாக விளைந்தது ஆறு வரிசைப் பார்லி, அதாவது கதிரில் மணிகள் ஆறு வரிசையாக அமைந்த வகை. ஐரோப்பாவின் இரண்டு வரிசைப் பார்லியைவிட அதில் புரதம் அதிகம். புரதம் மிகுந்தால் பீர் குளிர்ந்ததும் கலங்கும், சுவையும் கனத்துப்போகும். அந்தப் புரதத்தின் அளவைக் குறைக்க, மாவுச்சத்து மட்டுமே தரக்கூடிய இன்னொரு தானியத்தைக் கலந்தார்கள். சிலர் மக்காச்சோளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், புஷ் அரிசியைத் தேர்ந்தெடுத்தார். விலையைக் குறைப்பதற்காகத் தானியம் கலந்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். தொடக்கக் கதை அது இல்லை. அரிசி சேர்த்த பட்வைசர் அந்தக் காலத்தில் உயர்ந்த விலைக்கு விற்ற பீர். கண்ணாடிபோலத் தெளிந்த, லேசான லாகர் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். அதைக் கொடுக்கும் தொழில்நுட்பம் இது. இன்றும் பட்வைசர் நிறுவனம் அமெரிக்காவில் அரிசியை மிக அதிகமாக வாங்கும் நிறுவனங்களில் ஒன்று. அர்கன்சாஸ் மாநிலத்தில் அதற்குச் சொந்த அரிசி ஆலையே இருக்கிறது.

அரிசியா மக்காச்சோளமா என்பதுதான் உங்கள் விருப்பத்தின் முதல் கிளைப்பாதை. அரிசி நொதித்தபின் தன்னுடையது என்று சொல்லும்படி ஒரு சுவையையும் விட்டுவைப்பதில்லை. குடித்து முடித்ததும் வாய் வறண்டு, சுத்தமாக இருக்கும். பட்வைசரும் பட் லைட்டும் இந்தப் பக்கம். மக்காச்சோளம் சேர்த்தவற்றில் மெல்லிய இனிப்பும் ஒரு திரட்சியும் தங்கும். மில்லர், கூர்ஸ், பாப்ஸ்ட், ஹாம்ஸ் எல்லாம் அந்தப் பக்கம். 2019-இல் பட் லைட் தன் விளம்பரத்தில், மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் மக்காச்சோளப் பாகு சேர்க்கிறார்கள் என்று சுட்டிக்காட்ட, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தப் பாகு ஈஸ்ட்டுக்கு உணவு. நொதித்தலில் அது ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுகிறது. அரிசி செய்வதும் அதே வேலைதான். ஒன்றைத் தூய்மையானது என்றும் மற்றதைக் கலப்படம் என்றும் பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எது உங்கள் வாய்க்குப் பிடிக்கிறது என்பது மட்டுமே கேள்வி.

தானியத்துக்கு அடுத்தது ஈஸ்ட். பட்வைசரைக் கொஞ்சம் குளிர் தணியவிட்டு முகர்ந்து பாருங்கள். வெட்டி வைத்த பச்சை ஆப்பிளின் வாசனை லேசாக வரும். அசிட்டால்டிஹைடு என்ற பொருள் தரும் மணம் அது. நொதித்தலின் நடுவில் எல்லா பீரிலும் உருவாகும். பல ஆலைகள் அதை முழுவதும் போக்கிவிடப் பார்க்கும். பட்வைசரில் அது ஓர் அடையாளமாகவே இருக்கிறது. ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எங்கே வந்தாலும் தெரிந்துவிடும். சிலருக்கு அதுவே பட்வைசரை விரும்பக் காரணம். எனக்கு அதுவே முதலிடம் கொடுக்காததற்குக் காரணம். அதே ஆலையின் பெருமையான பீச் மரச் சீவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீரைப் பதப்படுத்தும் தொட்டியின் அடியில் இந்தச் சீவல்களைப் பரப்புகிறார்கள். மரத்தின் மணத்தை முன்பே வேகவைத்துப் போக்கிவிடுவதால் பீருக்கு மரச்சுவை ஏறுவதில்லை. ஈஸ்ட் தங்குவதற்கு அதிகப் பரப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஹாப்ஸைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை. கசப்பை அளக்கும் அலகில் இந்த பீர்கள் சுமார் 10-ஐ ஒட்டியே நிற்கும். செக் நாட்டின் பில்ஸ்னர் உர்குவெல் 40-ஐ நெருங்கும். இந்த வகையில் கசப்பு ஒரு பின்னணி மட்டுமே.

இந்த பீர்கள் எல்லாம் ஒன்றுபோல ஆனதற்கு வரலாறும் ஒரு காரணம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் பெரும்பாலானவை அந்தப் பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை. தாண்டியவை பிறகு ஒன்றையொன்று விழுங்கின. 1970-களின் இறுதியில் நாடு முழுவதும் நூறு ஆலைகள்கூட இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டும், யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்ற கணக்கில் ஒவ்வோர் ஆலையும் சுவையின் முனைகளை மழுங்கடித்தது.

அந்தப் போக்கின் அடுத்த கட்டம்தான் லைட் பீர். ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியல் அறிஞர், ஈஸ்ட்டால் உண்ண முடியாத பெரிய மாவுச்சத்துத் துண்டுகளையும் ஒரு நொதியைக் கொண்டு உடைத்துவிடும் வழியை 1960-களில் பீருக்குக் கொண்டுவந்தார். மிச்சச் சர்க்கரை இல்லையென்றால் கலோரி குறையும். முதலில் வந்த பீர் விற்கவில்லை. மில்லர் நிறுவனம் 1975-இல் மில்லர் லைட்டை நாடெங்கும் இறக்கியபோது சந்தையே திரும்பிவிட்டது. 1978-இல் கூர்ஸ் லைட்டும் 1982-இல் பட் லைட்டும் வந்தன. 355 மில்லிலிட்டர் கேன் ஒன்றில் பட்வைசருக்கு 145 கலோரி, 5 சதவீத ஆல்கஹால். பட் லைட்டுக்கு 110, கூர்ஸ் லைட்டுக்கு 102, மில்லர் லைட்டுக்கு 96, மூன்றிலும் ஆல்கஹால் 4.2 சதவீதம். பீரின் உடல் என்று சொல்லப்படுவது, வாயில் உணரும் அந்த அடர்த்தி, பெரும்பாலும் நொதிக்காமல் எஞ்சிய சத்துகளால் வருவது. லைட் பீரில் அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். அதனால் லைட் பீர்களுக்கு இடையே தேர்ந்தெடுப்பது, முழு பீர்களுக்கு இடையே தேர்ந்தெடுப்பதைவிடக் கடினம்.

சரி, இவ்வளவு குறைவாகவே சுவை இருக்கும் பொருளில் விருப்பம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்க முடியுமா? இங்கே இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1964-இல் வெளியான ஓர் ஆய்வு. ஆலிசன், ஊல் என்ற இருவர், வழக்கமாக பீர் குடிக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாங்கள் எப்போதும் வாங்கும் பீர் எது என்று அவர்களால் பொதுவாக இனங்காண முடியவில்லை. அதற்கு மற்றவற்றைவிடக் கூடுதல் மதிப்பெண்ணும் தரவில்லை. பிறகு அதே பீர்களை லேபிளோடு கொடுத்தபோது எல்லா மதிப்பெண்களும் உயர்ந்தன, தங்களுடைய பீருக்கு எல்லாவற்றிலும் மேலான இடமும் கிடைத்தது. இந்த ஆய்வைக் காட்டித்தான், எல்லாம் விளம்பரத்தின் வேலை என்கிறார்கள்.

இரண்டாவது, ஷ்லிட்ஸின் வீழ்ச்சி. மில்வாக்கியின் ஷ்லிட்ஸ் 1950-களில் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற பீர்களில் ஒன்று. 1970-களின் நடுவிலும் இரண்டாம் இடத்தில் இருந்தது. லேபிள்தான் விற்கிறது, உள்ளே இருப்பதை யார் கவனிக்கிறார்கள் என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றுகிறது. மால்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக மக்காச்சோளப் பாகைச் சேர்த்தார்கள். நொதிக்கவிடும் காலத்தைச் சுருக்கினார்கள். அவசரமாகக் காய்ச்சிய பீர் கலங்கியது. கலங்காமலிருக்க ஒரு பொருளைச் சேர்த்தார்கள். பிறகு, சேர்மானங்களை லேபிளில் அறிவிக்க வேண்டிவருமோ என்று பயந்து 1976-இல் அந்தப் பொருளை மாற்றினார்கள். புதிய பொருள், நுரை நிற்பதற்காக ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருந்த இன்னொரு பொருளோடு வினைபுரிந்தது. பாட்டிலுக்குள் வெள்ளைத் துகள்கள் மிதக்கத் தொடங்கின. விற்பனைக்குப் போன பீரை ஏராளமாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் ஆண்டாண்டாகக் குடித்தவர்கள் விலகிப் போனார்கள். 1981-இல் மில்வாக்கி ஆலை மூடப்பட்டது, 1982-இல் நிறுவனமே கைமாறியது. பிற்காலத்தில் அந்தப் பெயரை வாங்கியிருந்த பாப்ஸ்ட் நிறுவனம் 2008-இல் ஷ்லிட்ஸை மறுபடி கொண்டுவந்தபோது, 1960-களின் செய்முறையில்தான் கொண்டுவந்தது.

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு, இது உன் பீரா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவருக்கும், வாரக்கணக்கில் குடித்துவரும் பீர் மாறினால் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடுகிறது. தரவரிசை போடும் வேலையை லேபிள் செய்கிறது. குறையைக் கண்டுகொள்ளும் வேலையை நாக்கு செய்கிறது. இந்த பீர்களைக் காய்ச்சுவோர் மேல் எனக்கு மரியாதை வருவதும் இதனால்தான். காரசாரமான குழம்பில் மறைந்துபோகும் சிறு பிசகு தெளிந்த ரசத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும் அல்லவா, அதேபோல மறைந்துகொள்ள இடமே இல்லாத பீர் இது. பல ஊர்களில் உள்ள பல ஆலைகளில், வெவ்வேறு தண்ணீரில், ஆண்டுதோறும் மாறும் விளைச்சலை வைத்துக்கொண்டு ஒரே சுவையைக் கொண்டுவருவது எளிய காரியம் அல்ல.

குறை என்று வரும்போது, வாங்கும்போதே தவிர்க்கக்கூடிய ஒன்று ஒளி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்தது அது. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது, கேன் முழுவதும் தடுத்துவிடும். பச்சை பாட்டிலில் வரும் ரோலிங் ராக்கை யாராவது குறை சொன்னால், கடை விளக்கின் கீழ் எத்தனை நாள் நின்ற பாட்டில் அது என்று கேட்கத் தோன்றும். மில்லர் ஹை லைஃப் நிறமே இல்லாத பாட்டிலில் வந்தும் தப்பிப்பதற்குக் காரணம், ஒளியில் உடையாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றை அதில் பயன்படுத்துவதுதான். மற்றொரு குறை பழமை. பழையதான பீரில் நனைந்த அட்டையின் வாசனை வரும். பெட்டியில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, வேகமாக விற்றுப்போகும் கடையில் வாங்குங்கள். புதிய புஷ், பழைய பட்வைசரைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, உங்கள் நாக்குக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி. பீர் ஆலைகளிலேயே பயன்படுத்தும் முக்கோணச் சோதனையை வீட்டில் செய்யலாம். அமெரிக்காவில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். குடிக்கும் பழக்கமே இல்லாதவர் இதற்காகத் தொடங்கவும் வேண்டாம். ஒரே அளவான மூன்று சிறு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒரு பீர், மூன்றாவதில் வேறொன்று. நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது வேறொருவர் ஊற்றி, எதில் எது என்று குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறு போதும். ஐஸ் குளிரில் ஊற்றக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியே வைத்திருந்து ஊற்ற வேண்டும். கடுங்குளிர் மணத்தை அமுக்கி நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும். இந்த பீர்களின் விளம்பரங்களில் பனிமலையும் உறைகுளிரும் திரும்பத் திரும்ப வருவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று: மூன்றில் தனித்து நிற்பது எது? எது நல்லது என்று கேட்கக்கூடாது. தற்செயலாகச் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் சில முறை, வேறு வேறு நாள்களில் செய்ய வேண்டும். முதலில் ஊற்றும்போதே நுரையைப் பாருங்கள். ஹை லைஃபில் குமிழிகள் சுறுசுறுப்பாக எழும்பும். அதை 1903-இல் கொண்டுவந்து, சில ஆண்டுகளிலேயே பாட்டில் பீர்களின் ஷாம்பெயின் என்று விளம்பரப்படுத்தினார்கள். அடுத்து முகர்ந்து பாருங்கள்: பச்சை ஆப்பிளா, வேகவைத்த மக்காச்சோளமா, ரொட்டியா? வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் மக்காச்சோளம் சேர்த்த பீர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது பெரும்பாலும் மால்ட்டிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருளின் மணம். மக்காச்சோளத்துக்கு அதில் பங்கில்லை. கடைசியாக, விழுங்கியபின் என்ன தங்குகிறது என்று கவனியுங்கள். இந்த வகையில் வித்தியாசங்களில் பெரும்பகுதி அந்தக் கடைசி நொடிகளில்தான் தெரியவரும். பட்வைசருக்கும் ஹை லைஃபுக்கும் இடையே இதைச் செய்தால் பலரால் கண்டுபிடிக்க முடியும். கூர்ஸ் லைட்டையும் பட் லைட்டையும் வைத்துச் செய்தால் திணறுவார்கள். வித்தியாசம் தெரியாத இரண்டில் எது விலை குறைவோ அதை வாங்குங்கள். அதில் எந்த இழப்பும் இல்லை.

நாக்கைத் தாண்டியும் விருப்பம் உண்டு. அதை நான் குறைவாக மதிப்பதில்லை. கூர்ஸ் பேங்க்வெட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் வடிகட்டியே அனுப்பினார்கள். குளிரிலேயே கொண்டுபோக வேண்டியிருந்ததால் நெடுங்காலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் விற்றது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அது வந்தது 1981-இல்தான். அதுவரை மேற்கே போனவர்கள் காரில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். கிடைக்காததால் வந்த மவுசு அது. எங்கும் கிடைக்கத் தொடங்கியதும் குறைந்தது. பாப்ஸ்ட் புளூ ரிப்பனுக்கு நேர்மாறான கதை. ஏறக்குறைய மறக்கப்பட்டு, 2000-களின் தொடக்கத்தில் போர்ட்லாந்து போன்ற நகரங்களின் இளைஞர்கள், பெரிய விளம்பரம் ஏதுமில்லாத மலிவு பீர் என்பதற்காகவே எடுத்துக்கொண்டார்கள். அப்போது பாப்ஸ்டின் மில்வாக்கி ஆலை மூடப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பீரை மில்லரின் ஆலைகள் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தன. டெக்சாஸில் லோன் ஸ்டார், வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர், மேரிலாந்தில் நேஷனல் போஹிமியன் என ஊர்ப்பெருமையாகக் குடிக்கும் பழைய பெயர்கள் பலவும் பாப்ஸ்டின் கைக்கு வந்தவையே. ஊர்க்காரர் அதைத் தெரிந்தே குடிக்கிறார். அப்பா குடித்ததையும் பேஸ்பால் மைதானத்தில் விற்றதையும் வாங்குவது அவருக்கு ஒரு பிடிமானம்.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலிடம் மில்லர் ஹை லைஃப்: குமிழி, சிறு இனிப்பு, பிசகற்ற முடிவு. அதை ஒட்டியே கூர்ஸ் பேங்க்வெட். இந்த விலையில் மால்ட்டின் ரொட்டிச் சுவை இவ்வளவு கிடைப்பது வேறெதிலும் இல்லை. மூன்றாவது ஹாம்ஸ். 1865-இல் மின்னசோட்டாவின் செயின்ட் பாலில் தொடங்கிய பழைய பெயர், பெரும்பாலும் மற்ற இரண்டையும்விட மலிவு, புதிதாகக் கிடைத்தால் அவற்றுக்குச் சளைத்ததல்ல. பட்வைசரை ஆப்பிள் வாசனைக்காக ஒரு படி கீழே வைப்பேன், ஆனால் காரமான சாப்பாட்டோடு அதன் வறண்ட முடிவு நன்றாகவே பொருந்தும். லைட் வகையில் மில்லர் லைட் மட்டும். ஹாப்ஸ் இருப்பதாவது அதில் தெரிகிறது. பென்சில்வேனியாப் பக்கம் போனால் இவை எதையும் வாங்காமல், 1829 முதல் பாட்ஸ்வில்லில் இயங்கிவரும் யிங்லிங்கின் செம்பழுப்பு லாகரைக் கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல், நாட்டின் எல்லா மாநிலங்களிலும் கிடைக்காது.